வாசிக்கிற முறை

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற நிலா ஆப்செட்டில் அடித்த கல்யாணப் பத்திரிகையில் பிழை இருக்காது. இதை நான் சொல்லவில்லை, சுற்றுப்பட்டு ஊரெல்லாம் சொல்கிறது. பிழை இருக்காது என்றால் லேசுப்பட்ட காரியம் இல்லை. எங்கள் பக்கத்துப் பத்திரிகையில் குறைந்தது நூற்றிருபது பெயர் இருக்கும். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் குவைத், மஸ்கட், சிங்கப்பூர் என்று ஒரு தேசம் நிற்கும். ஒரு பெரியப்பாவின் இனிஷியல் மாறினால் போதும், அவர் கல்யாணத்துக்கு வரமாட்டார். அவர் வராவிட்டால் அவர் வகையறாவே வராது. அப்புறம் பந்தியில் யார் உட்காருவது?

அந்தப் பிழைகளைப் பிடிக்கிற ஆள் பிரகதீஸ்வரி. வயது இருபத்தேழு. கடையின் பின்பக்கம், பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பாள். அவள் பச்சைப் பேனாவால் ஒரு சுழி போட்டால்தான் முதலாளி வெள்ளைச்சாமி மெஷினை ஓட்டுவார். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மகராசிக்குப் படிக்க வராது.

ஐயோ, எழுத்தே தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் தெரியும். தனியாக நின்றால் ஒவ்வொன்றும் நல்ல பிள்ளைதான். நாலைந்து சேர்ந்து நின்றால்தான் ரகளை. ஒன்று இடம் மாறி நிற்கும், ஒன்று ஓடியே போகும், மேல் வரியில் இருந்தது கீழ் வரியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்படிப்பட்ட பிள்ளைக்கு அவள் அப்பா திருக்கோகர்ணத்தில் வேண்டிக்கொண்டு வைத்த பெயரைப் பாருங்கள். கலா என்று வைத்திருக்கலாம். மீனா என்று வைத்திருக்கலாம். பிரகதீஸ்வரி! ஏழாம் வகுப்பு வரைக்கும் பரீட்சைத் தாளில் அவள் ஒரு தடவை பிரதகீஸ்வரி, ஒரு தடவை பிரகஸ்தீவரி. வாத்தியார்கள் அவளை எழுப்பி நிறுத்தி, 'இதில் நீ யார்?' என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்திருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான், அது கிடக்கட்டும்.

அவளை மீட்டது ஷர்லி. நிலா ஆப்செட்டின் டிசைனர். ஒரே நேரத்தில் நாலு பத்திரிகை, ரெண்டு பேனர் திறந்து வைத்துக்கொண்டு நாலரை நாள் வேலையை ஒரே நாளில் முடித்துவிடுவாள். நடுவில் டீ வாங்கப் போய், டீயை மட்டும் மறந்துவிட்டு மற்றதையெல்லாம் வாங்கி வருவாள். அவளுடைய நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டு, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குக்கர் டைமர் வாங்கிக் கொடுத்தது வெள்ளைச்சாமி. ஒருநாள் ஷர்லி திருச்சிக்குப் போய் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்து, "ஈஸு, எனக்கு ஏ.டி.எச்.டி.யாம். கேக்குறதுக்கு டிகிரி மாதிரியே இருக்குல்ல?" என்றாள். அடுத்த வாரமே, "ஒனக்கும் ஏதோ ஒரு டிகிரி இருக்கு, வா" என்று ஈஸ்வரியையும் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா ரெண்டு மணி நேரம் படிக்கச் சொன்னார், எழுதச் சொன்னார், கட்டைகளை அடுக்கச் சொன்னார். கடைசியில், "டிஸ்லெக்ஸியா. உங்க மூளை ரொம்ப நல்லா இருக்கு. எழுத்துக்கு மட்டும் வேற பாதை போட்டிருக்கு" என்றார். இத்தனை வருஷமாகச் சோம்பேறி என்றும் மக்கு என்றும் எல்லோரும் கூப்பிட்ட ஒன்றுக்கு ஒரு மரியாதையான பெயர் இருக்கிறது! திரும்பி வரும் பஸ்ஸில் ஈஸ்வரி கீரனூர் வரைக்கும் அழுதாள். கீரனூரிலிருந்து புதுக்கோட்டை வரைக்கும் சிரித்தாள். அதற்கப்புறம் தூங்கிவிட்டாள்.

வேற பாதை என்ன பாதை? காதுதான். பேப்பரைப் போனில் படம் பிடித்தால் போன் வாசித்துக் காட்டும். அதற்குள் இருக்கிற அம்மாவுக்கு ஈவு இரக்கம் கிடையாது, எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே வாசிப்பாள். நன்றாகப் படித்த நமக்கெல்லாம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கண் பாதிச் சொல்லைத்தான் பார்க்கும், மீதியை மனசு போட்டு நிரப்பிவிடும். ஈஸ்வரிக்கு அந்தச் சொகுசு கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அப்புறம் ர, ற மாதிரி காதுக்குப் பிடிபடாத எழுத்துகளுக்காக, நடுவில் சதுரமாக வெட்டிய ஒரு அட்டையைப் பத்திரிகையின் கடைசியில் வைத்து, பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக்கொண்டு வருவாள்.

ஒரு தடவை ஒரு வாத்தியார் வீட்டு விசேஷம். வாத்தியார் பார்த்தார், வாத்தியார் சம்சாரம் பார்த்தார், எம்.ஏ. படித்த தம்பி பார்த்தார். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஈஸ்வரி இயர்போனைக் காதில் மாட்டிக் கேட்டுவிட்டு, "ஏன் ஷர்லி, இவங்க பிள்ளைக்குக் காது குத்துறாங்களா, செருப்பு வாங்கிக் குடுக்குறாங்களா?" என்றாள். காதணி விழா என்பது காலணி விழா என்று இருந்தது. இன்னொரு பத்திரிகையில் 'தங்கள் வருகையை எதிர்நோக்கும் தாய்மாமன்மார்கள்' என்பதில் நடுவே 'நோ' என்ற ஒரே எழுத்து விழுந்து, தாய்மாமன்கள் அத்தனை பேரும் விருந்தாளிகளின் வருகையை எதிர்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படியே நாலு வருஷத்தில் அவள் பெயர் மணமேல்குடி வரைக்கும் பரவிவிட்டது. அவள் எப்படிப் பார்க்கிறாள் என்பது மட்டும் கடையைத் தாண்டி வெளியே போகவில்லை.

போகக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. காரணம் இருக்கிறது. முதல் சம்பந்தம் வந்தபோது ஈஸ்வரி உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர்கள் ஜாங்கிரியைத் தின்றுவிட்டு, "பொண்ணுக்கு மூளையில ஏதோ கோளாறாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ரெண்டாவது சம்பந்தத்துக்கு விஷயம் எப்படியோ முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது, அவர்கள் வரவே இல்லை. அம்மா அவள் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "தாலி ஏறுற வரைக்கும் வாயத் தொறக்காத. எம் மேல சத்தியம்."

மூன்றாவதாக வந்தவன்தான் கோபிநாத். மீமிசலில் ஐஸ் கம்பெனியில் மெக்கானிக். பெண் பார்க்க வந்தவன் பெண்ணைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து உட்கார்ந்து எதையோ கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். காபி வந்தபோது, "ஒங்க பிரிட்ஜில ரிலே போயிருக்கு" என்றான். எழுந்து போய் பிரிட்ஜைத் திருப்பி வைத்துச் சரி பண்ணிவிட்டு வந்து ஆறிப்போன காபியைக் குடித்தான். அவன் அம்மா சந்தனம் நெளிந்துகொண்டே, "அவன் கொஞ்சம் ஒரு மாதிரிங்க. கூட்டத்துல பேச மாட்டான். போன் அடிச்சா எடுக்க மாட்டான். ஆனா தங்கமான பிள்ளைங்க" என்றார். ஈஸ்வரிக்கு அந்த நிமிஷமே அவனைப் பிடித்துவிட்டது. காதால் வேலை பார்க்கிற ஆள் இன்னொருவன் இருக்கிறானே!

அவன் போனில் பேசமாட்டான், டைப் பண்ணுவான். அவள் டைப் பண்ண மாட்டாள், பேசி அனுப்புவாள். செய்தி வந்த உடனே காதில் தானாக வாசிக்கும்படி ஷர்லி போனில் செட்டிங் போட்டுக் கொடுத்திருந்தாள். அதனால் மூன்று மாதமாக ஈஸ்வரியின் காதல் முழுவதும், ரயில்வே ஸ்டேஷனில் அறிவிக்கிற மாதிரியான ஒரு பெண்குரலில்தான் நடந்தது. 'ஈஸ்வரி. இன்னைக்கு நண்டு வரத்து அதிகம். ஐஸ் பத்தலை. ஒங்களை நெனச்சேன்.' இந்த மூன்று தகவலுக்கும் அந்த அம்மா ஒரே சுருதிதான். ஈஸ்வரி அதைக் கேட்டுவிட்டு மத்தியானம் பூராவும் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பாள். வெள்ளைச்சாமி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

எத்தனையோ தடவை அவனிடம் சொல்ல வாயெடுத்தாள். மைக்கை அழுத்துவாள், அம்மாவின் தலை ஞாபகத்துக்கு வரும், விட்டுவிடுவாள். சொன்னால் இவனும் போய்விடுவானோ?

ஐப்பசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். அறந்தாங்கியில் ஈஸ்வரி வீட்டு வாசலில் ஷாமியானா, வாடகை நாற்காலி, லேசான தூறல். அப்பா குவைத்திலிருந்து வீடியோவில் இருந்தார். அம்மாவின் போனைப் பழத்தட்டில் ஒரு அன்னாசிப்பழத்தின் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். மீமிசலிலிருந்து வேனில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். கோபிநாத், அவன் அம்மா சந்தனம், அண்ணன் எழிலரசன், கைக்குழந்தையோடு அண்ணி ரஞ்சிதா. எல்லோருக்கும் முன்னால் தாய்மாமன் அய்யப்பன். மூன்று விசைப்படகுக்குச் சொந்தக்காரர். ஆள் ஆறடி, குரல் அதற்கு மேல்.

அவர்கள் வழக்கப்படி நிச்சயப் பத்திரிகையை மாப்பிள்ளை வீட்டார் அச்சடித்துக் கொண்டுவர வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் இந்த நாளில் கல்யாணம் என்று அதைச் சபையில் தாய்மாமன் சத்தமாக வாசித்த பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம், அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். மணி பதினொன்று இருபதுக்கு மஞ்சள் தடவிய பத்திரிகையை அய்யப்பன் கையில் கொடுத்தார்கள். அவர் சட்டைப் பையைத் தடவினார். இடுப்பைத் தடவினார்.

"அடடா! கண்ணாடிய வீட்லயே வச்சுட்டு வந்துட்டனே!"

"யாராச்சும் வாசிங்கப்பா" என்றார் எழிலரசன்.

"யாராச்சும் எதுக்கு? பொண்ணு பிழை திருத்துற பொண்ணாம்ல! மாவட்டத்துலயே பெரிய ஆளாம்ல! அதுவே வாசிக்கட்டும்! கல்யாணப் பொண்ணே வாசிச்ச நிச்சயம்னு ஊரு பேசட்டும்!" என்று அய்யப்பன் முழங்கினார்.

கூட்டம் கைதட்டியது. ஈஸ்வரியின் அம்மா பன்னீர்ச் செம்பைக் கீழே போட்டாள். ஷர்லி, "செத்தோம்" என்று ஈஸ்வரியின் காதோரம் சொன்னாள். பத்திரிகை கைக்கு வந்துவிட்டது. நூறு பேர் பார்க்கிறார்கள் என்றால் அந்த எழுத்துகளுக்கு இன்னும் கொண்டாட்டம். ஒன்றாவது நின்ற இடத்தில் நின்றால்தானே!

ஒன்று செய்யலாம். இந்தப் பத்திரிகைப் பாஷை அவளுக்கு மனப்பாடம். ஆயிரக்கணக்கில் கேட்டிருக்கிறாள். ஸ்வஸ்திஸ்ரீயில் ஆரம்பித்து அவளால் தூக்கத்தில்கூட ஒப்பிக்க முடியும். வாயைக்கூடத் திறந்துவிட்டாள். ஆனால் காதால் கேட்காத ஒரு பத்திரிகைக்கு அவள் இதுவரை சுழி போட்டதில்லை. ஊரார் பத்திரிகைக்கெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, சொந்தப் பத்திரிகையைக் கேட்காமல் விடுவதா? வாய் மூடிக்கொண்டது. தொழில் கௌரவம் என்று ஒன்று இருக்கிறது பாருங்கள்.

அப்போதுதான் அய்யப்பனைக் கவனித்தாள். அவர் சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு துருத்திக்கொண்டிருந்தது. கண்ணாடியை மறந்தவர் பேப்பரை எட்டப் பிடித்துப் பார்ப்பார், கிட்டப் பிடித்துப் பார்ப்பார். இவர் பார்க்கவே இல்லை. கொதிக்கிற பாத்திரத்தைக் கைமாற்றுகிற மாதிரி மாற்றிவிட்டார். இந்த வித்தையெல்லாம் ஈஸ்வரிக்கு அத்துப்படி. கண்ணில் தூசி விழுந்துவிட்டது, தலை வலிக்கிறது, நீங்கள் வாசியுங்கள் நான் கேட்டுக்கொள்கிறேன். அவள் விடாத சரக்கா?

அட கடவுளே, இவரும் நம்ம ஆளா!

தப்பிக்க வழி பளிச்சென்று தெரிந்தது. 'பெரியப்பா, பையில கண்ணாடி இருக்கே. முறை ஒங்களோடதுதானே, நீங்களே வாசிங்க' என்று ஒரு வார்த்தை சிரித்துக்கொண்டே சொன்னால் போதும். மாப்பிள்ளையின் தாய்மாமன் பெண்ணுக்குப் பெரியப்பா முறை, மரியாதையாகவும் இருக்கும். கூட்டம் முழுக்க அவர் பக்கம் திரும்பிவிடும். அவள் கல்யாணம் பிழைக்கும், அவர் மானம் போகும். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் கூப்பிடப் போகிறார்கள் என்று வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் பார்வை அது. ஆறடி மனிதருக்கு அந்தப் பார்வை பொருந்தவே இல்லை.

அவளால் முடியவில்லை. அம்மாவின் தலை மேல் செய்த சத்தியம் காற்றில் போனது.

"எனக்கு இத வாசிக்க வராதுங்க" என்றாள்.

முன்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள்.

"வெக்கப்படுது" என்றது ஒரு குரல்.

"வெக்கம் இல்லைங்க. எனக்கு டிஸ்லெக்ஸியா. எழுத்து சேந்து நின்னா எனக்கு ஓடும். சின்னப் பிள்ளையிலேருந்து இப்படித்தான். மொதல்லயே சொல்லிருக்கணும். சொல்லாதது தப்புதான், மன்னிச்சிருங்க."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்னாசிப்பழத்தின் மேலிருந்து அப்பா, "என்னாச்சு? கேக்கல! படம் நின்னுபோச்சா? ஏன் யாரும் அசைய மாட்டேங்குறீங்க?" என்று கத்தினார். சந்தனம் மெதுவாக, "பிழை திருத்துற வேலைன்னு சொன்னீங்களே?" என்று கேட்டார்.

"அந்த வேலைதாங்க. எப்படிப் பாக்குறேன்னு காட்டட்டுமா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போனை எடுத்தாள், பத்திரிகையைப் படம் பிடித்தாள், சத்தத்தை முழுசாக வைத்தாள். அந்த அம்மா கணீரென்று ஆரம்பித்தாள். "நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் தை மாதம்..." கிழவர்கள் தலையாட்டினார்கள். நாள், நட்சத்திரம், லக்னம் எல்லாம் போனது. "சந்தனம் அவர்களின் குமாரன் திருநிறைச்செல்வன் எழிலரசனுக்கும், திருநிறைச்செல்வி பிரகதீஸ்வரிக்கும்..." அதற்கும் எல்லோரும் தலையாட்டினார்கள்! சத்தியமாகச் சொல்கிறேன், சபையில் ஒருவர் பாக்கியில்லாமல் தலையாட்டினார்கள்.

ஈஸ்வரி கையைத் தூக்கினாள். "ஒரு நிமிஷம்" என்று திரும்ப வைத்தாள்.

"...திருநிறைச்செல்வன் எழிலரசனுக்கும், திருநிறைச்செல்வி பிரகதீஸ்வரிக்கும்..."

"என்னாது?" என்று எழுந்தாள் ரஞ்சிதா, இடுப்பில் குழந்தையோடு.

"நான் இல்ல! சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது!" என்று எழிலரசனும் எழுந்தார்.

"ஒங்க பேருதானே சொல்லுது!"

விஷயம் இதுதான். ரெண்டு வருஷத்துக்கு முன் எழிலரசன் நிச்சயத்துக்கு அடித்த பத்திரிகையின் பைல் அவர் போனில் இருந்தது. மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று அதையே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்து, நாளை மாற்றி, பெண் பெயரை மாற்றி, மாப்பிள்ளை பெயரை மாற்ற மறந்துவிட்டார். வேனில் வரும்போது அதை ஐந்து பேர் வாசித்து நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். முதலில் குபீரென்று சிரித்தது ஒரு கிழவி. அப்புறம் ஷாமியானாவே குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் ரஞ்சிதாவும் சிரித்துவிட்டாள், ஆனால் புருஷனை விட்டு ரெண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"மணி பதினொன்னு முப்பத்தாறு!" என்று குதித்தாள் ஷர்லி. "கடைச் சாவி எங்கிட்ட இருக்கு. பதினஞ்சே நிமிஷம்!" எழிலரசன் போனிலிருந்து பைலை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்தாள். போனவள் திரும்பி வந்து சாவியை எடுத்துக்கொண்டு மறுபடி பறந்தாள்.

அந்தப் பதினைந்து நிமிஷம் ஈஸ்வரிக்குப் பதினைந்து வருஷம். கூட்டம் சிரித்ததே தவிர, யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சந்தனம் வெற்றிலையை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார். கோபிநாத்? அவள் வாசிக்க வராது என்று சொன்ன நேரத்திலிருந்து அவன் தலையைத் தூக்கவே இல்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தான். போச்சு, இதுவும் போச்சு என்று அவள் தண்ணீர் டிரம் பக்கம் போய் நின்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பின்னாலேயே அய்யப்பன் வந்தார். தண்ணீர் குடிக்க வந்தவர் மாதிரி டம்ளரை எடுத்தார், குடிக்கவில்லை.

"ஆத்தா, அந்த வாசிக்கிறது எல்லாப் போன்லயும் வருமா?"

"வரும் பெரியப்பா."

"வயசானவங்க போன்லயும்?"

"வயசு பாக்காதுங்க."

அவர் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டாவது வரைக்கும் போனேன். அடி வாங்குனதுதான் மிச்சம். கடல்ல எந்த எடத்துல என்ன மீனுன்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். பஸ்ஸுல போர்டு பாக்கணும்னா எனக்குக் காய்ச்சல் வந்துரும். இருவது முப்பது நிச்சயத்துல கண்ணாடிய மறந்திருக்கேன் ஆத்தா. நீ நெனச்சிருந்தா இன்னைக்கு என்னைய மாட்டி விட்டிருக்கலாம். பைய பாத்துட்டேன்னு எனக்குத் தெரியும்."

ஈஸ்வரி தன் காதில் மாட்டும் வயரில்லாத இயர்போன் பொத்தான் ரெண்டில் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள். "இதக் காதுல வச்சுக்கங்க. அந்த அம்மா சொல்லச் சொல்ல நீங்க சத்தமாச் சொல்லுங்க. ஒங்களுக்கு இருக்குற கொரலுக்கு மீமிசல் வரைக்கும் கேக்கும்."

பதினொன்று ஐம்பதுக்கு ஷர்லி வந்து சேர்ந்தாள். புதுப் பத்திரிகை பன்னிரண்டு படி. காலில் ஒன்று அவள் செருப்பு, ஒன்று வெள்ளைச்சாமியுடையது. ஈஸ்வரி போனில் படம் பிடித்து ஒருமுறை முழுக்கக் கேட்டாள். சரியாக இருந்தது. சந்தனம் பத்திரிகையை வாங்கி எழிலரசனிடம் நீட்டினார்.

"இங்கிட்டுக் குடு. முறை என்னோடது" என்று அய்யப்பன் கை நீட்டினார்.

"கண்ணாடி இல்லைன்னீங்களேண்ணே?"

"கண்ணாடி இருக்கு. எனக்குத்தான் படிக்க வராது. இந்தப் பொண்ணுக்கு இருக்குறதுதான் எனக்கும் இருக்கு போல. அதுக்குச் சொல்ற தைரியம் இருந்துச்சு, எனக்கு அறுபது வருஷமா இல்ல."

சந்தனம் வாயைப் பிளந்துவிட்டார். "அப்ப என் கல்யாணத்தன்னைக்கு நம்ம வீட்டுப் பக்கம் நீங்க பத்திரிகை வாசிச்சது?"

"மனப்பாடமா ஒப்பிச்சது தாயி. அதுல என்ன இருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நல்ல வேளை, மாப்பிள்ளை சரியா வந்து சேந்தாரு."

சந்தனத்துக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தது. ஈஸ்வரியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், "வாசிங்கண்ணே, நேரமாவுது" என்றார்.

அய்யப்பன் ஒரு காதில் பொத்தானை வைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார். மறு பொத்தான் ஈஸ்வரியின் காதில், போன் அவள் கையில். அந்த அம்மா சொல்லச் சொல்ல அவர் முழங்கினார். நாள், நட்சத்திரம், லக்னம். "திருநிறைச்செல்வன் கோபிநாத்துக்கும், திருநிறைச்செல்வி பிரகதீஸ்வரிக்கும்!" கூட்டம் ஆரவாரம் பண்ணியது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தான் வாசிப்பது என்ன என்று தெரிந்து வாசிக்கிற மனிதரின் முகம்! அதே வேகத்தில் அடுத்ததையும் முழங்கினார்.

"கோபிநாத்திடமிருந்து செய்தி!"

ஈஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிறுத்தியிருக்கலாம், விரல் போனின் மேல்தான் இருந்தது. ஆனால் மூன்று மாதமாக அவள் கேட்கப் பயந்த பதில் அதில்தானே வருகிறது. விரல் அசையவில்லை. அய்யப்பனுக்கு அது பத்திரிகையா செய்தியா என்று எப்படித் தெரியும்? காதில் விழுந்ததை அதே ராகத்தில் சொல்லிக்கொண்டே போனார்.

"ஈஸ்வரி! எனக்கு நாப்பது நாளாவே தெரியும்! நாளைக்கு ஐஸ் கம்பெனி லீவு, பாக்க வரவா, அப்படின்னு ஒரு ரோசாப்பூ படத்து மேல எழுதி அனுப்புனேன்! ரோசா அழகா இருக்குங்கன்னு பதில் சொன்னீங்க! நீங்க எழுத்தக் காதாலதான் கேக்குறீங்கன்னு அப்பவே புரிஞ்சுக்கிட்டேன்! அதுலேருந்து சின்னச் சின்னதா எழுதுறேன்! புள்ளி வச்சு வச்சு எழுதுறேன்! ஒங்க போன்ல இருக்குற அம்மா மூச்சு விடணும்ல! எனக்கு இத்தனை பேரு முன்னாடி பேச வராது! நீங்க பேசிட்டீங்க! எனக்குப் பெருமையா இருந்துச்சு! என்னையக் கட்டிக்கிறீங்களா! சிவப்பு இதயம்! சிவப்பு இதயம்! சிவப்பு இதயம்!"

அய்யப்பன் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "இந்த இதயம் யாரு ஆத்தா? மூணு பேரு இருக்காங்களே, யாரு வகையறா?"

அதற்கப்புறம் எழுந்த சிரிப்பில் அன்னாசிப்பழம் சரிந்து, குவைத்திலிருந்த அப்பா தேங்காய்களுக்கு நடுவில் குப்புற விழுந்தார். ஈஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, ரெண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தது. கோபிநாத் அஞ்சடி தூரத்தில் காது மடல் சிவக்க உட்கார்ந்திருந்தான். இப்போது தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவள் வழக்கம்போல மைக்கை அழுத்தி, போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னாள்.

"கட்டிக்கிறேங்க. ரொம்பப் புடிச்சுதான் கட்டிக்கிறேன். தட்ட மாத்தச் சொல்லுங்க, ஏழு நிமிஷந்தான் இருக்கு."

எதிரே அவன் கையில் போன் 'டிங்' என்றது. அவள் சொன்னதை அந்தச் சபையே கேட்டிருந்தது. இருந்தாலும் அவன் போனைக் காதில் வைத்து அதை முதலிலிருந்து கேட்டான். இன்னொரு தடவையும் கேட்டான். அப்புறம் எழுந்து நின்று, அத்தனை பேர் முன்னாலும், வாயைத் திறந்தான்.

"மாமா, தட்ட மாத்துங்க" என்றான் கோபிநாத். "இப்ப ஆறு நிமிஷந்தான் இருக்கு."